பக்கவாத்தியம்: டி.எஸ்.பாலையா (கொட்டகைக் காலம் – 14)

படப்பெட்டி போடிக்கு வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1928இல் மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் வந்தது. உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பவும் போட்டார்கள். இடைப்பட்ட காலத்திலும் பெட்டி வராமல் இல்லை; பஸ்ஸின் தலையில் ஏறி வந்தது. இந்த இதழில் அந்தப் பெட்டிகளுக்குள் சுருண்டு கிடந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துச் சிலமலைக் கிராமத்திலிருந்து போடிக்கோ தேவாரத்துக்கோ நடந்தும் வண்டி கட்டியும் படம் பார்க்கப் போனவர்கள், நோட்டீஸில் எம்.ஜி.ஆரா சிவாஜியா என்றுதான் முதலில் பார்த்தார்கள். படம் விட்டுத் திரும்பும்போது அவர்கள் பேசிக்கொண்டு வந்ததில் பாதி இவரைப் பற்றித்தான் இருந்தது.

திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா. சுருக்கமாக டி.எஸ்.பாலையா.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்ட் 23ஆம் தேதி பிறந்தவர். அந்தக் காலத்து நடிகர்களில் பாதிப் பேரைப் போல இவரும் பாய்ஸ் கம்பெனி வழியாக வந்தவர்தான். பாய்ஸ் கம்பெனிகளுக்கு மதுரைதான் தலைநகரம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியதும் அங்கேதான். அந்தக் கம்பெனிகளில் பையன்களுக்குச் சோறு உண்டு, பாட்டு உண்டு, அடியும் உண்டு. பெண் வேஷம், ராஜா வேஷம், விதூஷகன் என்று எதைக் கொடுத்தாலும் மறுநாள் மேடையில் நின்றாக வேண்டும். குரல் உடைகிற வயது வந்துவிட்டால் நாயக வேஷம் கைநழுவிப் போகும். அதன்பிறகு பிழைக்கிறவன்தான் நடிகன். பாடகர்களாக மட்டும் இருந்தவர்கள் அங்கே காணாமல் போனார்கள். பாலையா பிழைத்தார்.

சினிமாவுக்குள் அவர் வந்தது 1936 மார்ச்சில் வெளியான ‘சதி லீலாவதி’ மூலம். எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. எம்.கே.ராதா கதாநாயகன். போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு ஒல்லியான இளைஞர் தலைகாட்டினார், அவர்தான் எம்.ஜி.ஆர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் முதலில் நடித்த படங்களில் அதுவும் ஒன்று. ஒரே படத்தில் இத்தனை பேர் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதைப் பின்னால் வந்தவர்கள் எண்ணிப் பார்த்து வியந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

கதை குடியைப் பற்றியது. நல்லவன் ஒருவனைச் சிநேகிதன் என்ற பெயரில் குடிக்க இழுத்துக் கெடுக்கிற வேஷம் 21 வயதுப் பாலையாவுக்கு. கெட்டுப்போன கதாநாயகன் ஊரை விட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். மலையடிவாரத்துச் சனத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. கடன்பட்டவனும் சண்டை போட்டவனும் மலையேறி ஏலத்தோட்டத்துக்கோ மூணாறுப் பக்கம் தேயிலைக்கோ போய்விடுவது இங்கே வாழ்க்கையாகவே இருந்தது.

அந்தப் படத்தை இயக்கியவர் ஓர் அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியாவுக்கு வந்த எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. உதவியாளர்களை வைத்துக்கொண்டே 1950இல் ‘மந்திரி குமாரி’ வரை படம் எடுத்தார். மொழி தெரியாத ஆளிடம் முதல் பாடம் படிப்பது நாடக நடிகனுக்குக் கெடுதல் என்றுதான் தோன்றும். எனக்கென்னவோ அது பாலையாவுக்கு வாய்த்த அதிர்ஷ்டமாகப் படுகிறது. வசனம் புரியாத டைரக்டர் எதைப் பார்ப்பார்? முகத்தைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், கை எங்கே போகிறது என்று பார்ப்பார். கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திப் பழகிய ஆட்களுக்கு, கேமரா பக்கத்தில் வந்தால் கத்த வேண்டாம் என்று முதலில் உணர்த்தியவர்களில் டங்கன் ஒருவர். அடுத்த ஆண்டே, 1937இல், அவருடைய ‘அம்பிகாபதி’யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிரியாகத் தளபதி உருத்திரசேனன் வேஷம் பாலையாவுக்குக் கிடைத்தது. படம் ஓடோ ஓடென்று ஓடியது. பாகவதரின் பாட்டுக்காகத்தான் ஓடியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டு முடிந்தபின் கதை நகர வேண்டுமே! அந்த வேலை வில்லனுடையது.

இங்கே அமெரிக்கா பக்கம் ஒரு எட்டுப் போய் வருவோம். துணைநடிகருக்கென்று தனியாக ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியது அதே 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். 1938, 1940 ஆண்டுகளுக்கும் அவரே வாங்கினார். ஐந்து வருஷத்துக்குள் மூன்று. நாற்பதுகளில் இருந்த மனிதர், தாத்தா வேஷங்களில் தள்ளாடித் தள்ளாடி நடந்து ஹாலிவுட்டையே கட்டிப்போட்டார். நாயகன் அழகாக நின்றால் போதும், படத்தைத் தோளில் சுமக்க வேறு ஆட்கள் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் அப்போதே ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் தேசிய விருதில் துணைநடிகர் என்ற பிரிவே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. பாலையா போய்ச் சேர்ந்து அப்போது பன்னிரண்டு வருஷம்.

1940களின் படங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ராஜா, இளவரசி, மந்திரவாதி, சூழ்ச்சிக்கார அமைச்சர் என்று ஒரே சட்டியில் வெந்தவை. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாகிய ‘ராஜகுமாரி’யில் (1947) பாலையா இருக்கிறார், ‘மோகினி’யில் (1948) இருக்கிறார். நிறுத்திச் சொல்ல வேண்டியது 1949இல் வந்த ‘வேலைக்காரி’. அண்ணாவின் நாடகம் படமானது. பண்ணையார் வேதாசல முதலியாரின் கொடுமையால் தகப்பனை இழந்த ஆனந்தன், அரிவாளைத் தீட்டிக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறான். கே.ஆர்.ராமசாமி அந்த ஆவேசத்தைக் கொட்டி நடிக்கிறார். பக்கத்தில் சிநேகிதன் மணியாகப் பாலையா. வெட்டினால் தூக்குமேடைதான், யோசித்துச் செய்யடா என்று நண்பனின் கோபத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறவன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நண்பனைக் கெடுத்த அதே முகம், இப்போது நண்பனுக்குப் புத்தி சொல்கிறது. சனம் நம்பியது! அடுக்குமொழி வசனம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பாலையா அதைப் பேசிய விதம் வேறு. மேடைப் பேச்சாக நீட்டாமல், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னார். அந்தப் படத்தில் இன்று கேட்டாலும் பழசாகத் தெரியாத குரல் அவருடையதுதான்.

பிறகு ‘தூக்குத் தூக்கி’ (1954). உடைந்த தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்டு வேஷம். கெட்டவன்தான், ஆனால் அவன் வரும்போதெல்லாம் தரை டிக்கெட் சிரித்தது. அடுத்து ‘மதுரை வீரன்’ (1956). இந்தப் பக்கத்தில் மதுரை வீரன் சாமி. ஊர் எல்லையில் குதிரையோடு நிற்கிறவர், கெடா வெட்டு வாங்குகிறவர். அந்தச் சாமி கதையைத் திரையில் பார்க்க வந்த கூட்டம் எம்.ஜி.ஆரைப் பார்த்துக் கும்பிட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொம்மியை அடையத் துடிக்கிற நரசப்பனாகப் பாலையா வருகிறார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் கோழை. மீசை ஒரு பேச்சுப் பேசும், கால் வேறு பேச்சுப் பேசும். பி.எஸ்.வீரப்பா சிரித்தால் பிள்ளைகள் பயந்து தாயின் முந்தானைக்குள் போகும்; நம்பியார் கையைப் பிசைந்தால் பெண்கள் சாபம் விடுவார்கள். பாலையா வில்லத்தனம் செய்தால் மட்டும் எங்கேயோ ஓர் ஓரத்தில் சிரிப்பு வந்துகொண்டே இருக்கும். வில்லன்கள் வயதானதும் வேலையிழக்க, இவர் மட்டும் வேறு ஆளாக மாற முடிந்ததற்கு அந்த ஓரத்துச் சிரிப்புதான் காரணம் என்பது என் கணிப்பு.

மாற்றம் நடந்த இடத்தையும் காட்டிவிடலாம். 1959, ‘பாகப்பிரிவினை’, பீம்சிங் இயக்கம். அண்ணன் பாலையா, தம்பி எஸ்.வி.சுப்பையா. ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்த குடும்பம் சொத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகிறது. சூழ்ச்சிக்கு எம்.ஆர்.ராதா இருந்ததால் பாலையாவுக்குக் கெட்டவனாக இருக்கும் வேலை இல்லை. வீட்டில் வாய் திறக்க முடியாத மூத்தவன். தம்பி மேல் பாசம் உண்டு, அதைக் காட்டத் தைரியம் இல்லை. கம்மாய்க்கரைப் பங்கு, கிணற்றுப் பங்கு, வாரிசுச் சண்டை என்று அறுபது வருஷமாகப் போடி கோர்ட்டுக்கும் பெரியகுளம் கோர்ட்டுக்கும் அலைந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்ப்பக்கம் இது. சிவாஜியின் ஊனமுற்ற கண்ணையனுக்காக அழுத பெண்களோடு, பாலையாவைப் பார்த்து அண்ணன்மார் சிலரும் மூக்கைச் சிந்தியிருப்பார்கள்.

சிலமலைப் பெரியவர் ஒருவரோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வாலிபத்தில் மலைக்குப் போய்க் காய் எடுத்தவர். பிறகு போடியில் ஏலக்காய் ரகம் பிரிக்கிற இடத்தில் சாக்குத் தைத்தவர்.

“பாலையா பிடிக்குமா பெரியப்பா?” என்றேன்.

“பிடிக்குமாவா? அந்தாளு பேசுறதை விட, அடுத்தவன் பேசுறப்ப அந்தாளு மூஞ்சியப் பாக்கணும்ப்பா. நாங்க அதுக்குத்தேன் காசு குடுத்தோம்.”

“எந்தப் படத்துல?”

“எந்தப் படம்னு கேக்குற பாரு! நாகேஷ் பேய்க்கத சொல்லுவான்ல, அது.”

அவர் சொன்னது ‘காதலிக்க நேரமில்லை’. 1964 பிப்ரவரியில் வந்த வண்ணப்படம், ஸ்ரீதர் இயக்கம், வசனம் சித்ராலயா கோபு. பாலையாவுக்கு அப்போது 49 வயது. ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். இரண்டு பெண்கள், சினிமா எடுக்கப்போகிறேன் என்று ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ போர்டு மாட்டிக்கொண்டு திரியும் மகன் செல்லப்பா. பெண்களுக்குப் பணக்கார இடம் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்டேட் முதலாளி என்றால் எப்படி இருப்பார் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வெள்ளைச் சட்டையும் ஜீப்புமாகப் போடிமெட்டு ஏறி இறங்குகிற முதலாளிமார்களை அவர்கள் தினமும் பார்த்தவர்கள். பணத்தைக் கண்டால் குழைவு, வேலையாளைக் கண்டால் விறைப்பு, அடுத்த நிமிஷம் பெரிய பணக்காரன் வந்துவிட்டான் என்றால் மறுபடியும் குழைவு. மாப்பிள்ளையின் தகப்பனாகக் கிழவர் வேஷம் போட்டுவந்த முத்துராமனை அவர் வரவேற்கிற அழகைப் பாருங்கள். முதுகெலும்பே அப்போதைக்கு அப்போது உருகி, மறுபடியும் உறைகிறது.

கதை சொல்லும் காட்சிக்கு வருவோம். மகன், தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். நாகேஷ் வாயாலேயே எல்லாச் சத்தமும் கொடுக்கிறார். இருட்டு, காற்று, கதவு, காலடி எல்லாம் அந்த ஒரே வாய். முதலில் பாலையா, வெட்டிப்பயல் ஏதோ உளறுகிறான் என்ற முகத்தோடு இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் கரைகிறது. கண் அகலமாகிறது. பார்வை மெல்லப் பக்கவாட்டில் போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்புகிறது. உதடு எதையோ சொல்லப் போய் நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் பெரியவன் மகன் முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்ள முடியுமா? போதும் நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை, அடுத்து என்ன என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனைக்கும் அவருக்கு அங்கே வசனம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. கொட்டகை எப்போது சிரிக்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். நாகேஷ் ஒன்றைச் சொன்னவுடன் இல்லை. அது பாலையா முகத்தில் போய் விழுந்தபிறகு.

ஸ்ரீதர் இந்தப் படத்தை இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தார். நாகேஷ் வேஷம் மெஹ்மூதுக்கு, பாலையா வேஷம் ஓம் பிரகாஷுக்கு. நகைச்சுவை நடிப்புக்கென்று பிலிம்பேர் புதிதாகத் தொடங்கிய விருதை மெஹ்மூத் அந்தப் படத்துக்காக வாங்கினார். கதை சொன்னவருக்குப் பரிசு, கேட்டவருக்கு ஒன்றும் கிடையாது.

1965 ஜூலையில் ‘திருவிளையாடல்’. ஏ.பி.நாகராஜன் பாலையாவுக்குக் கொடுத்தது ஹேமநாத பாகவதர் வேஷம். வடக்கிலிருந்து மதுரைக்கு வந்து, பாண்டியன் சபையில் என்னை ஜெயிக்கப் பாடகன் உண்டா என்று சவால் விடுகிறவர். திருவிளையாடல் புராணத்தில் விறகு விற்ற படலம். சபையில் அவர் பாடும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் எம்.பாலமுரளிகிருஷ்ணா. அந்தக் குரலுக்கு உதடசைப்பதே பெரும்பாடு. பாலையா உதட்டோடு நிறுத்தவில்லை. சிஷ்யப்பிள்ளைகளை அடக்கும் விரல், சபையை அளக்கும் கண், சங்கதி விழுந்ததும் தன்னையே மெச்சிக்கொள்ளும் புருவம் என்று வித்துவச் செருக்கு முழுசையும் உடம்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கச்சேரிக்குப் போய் வருகிறவர்களுக்கு இப்படி நாலு பேரையாவது தெரிந்திருக்கும்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் இரவுக் காட்சியை. வெளியே திண்ணையில் விறகு விற்க வந்தவன் பாடுகிறான். பாடுவது சிவபெருமான் என்று நமக்குத் தெரியும், பாகவதருக்குத் தெரியாது. அந்தப் பாட்டு முழுக்கச் சிவாஜியுடையது. சிருஷ்டியே நின்று போகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். பாலையாவின் வேலை கேட்பது மட்டும். பாடியவன், போட்டிக்கு நிற்கும் பாணபத்திரரிடம் பாட்டுக் கற்க லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவன் என்று தெரியவந்ததும், தள்ளிவிடப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்ற கணக்கு அவர் கண்ணுக்குள் ஓடுகிறது. செருக்கு இறங்குகிற வேகத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார் பாருங்கள், அதுதான் கைத்தேர்ச்சி. அவமானத்தைவிட நிஜமான சங்கீதத்தைக் கேட்ட பிரமிப்பு ஒரு பிடி கூடுதலாகத் தெரிகிறது. அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போகும் அந்த மனிதரை நாம் ஏளனம் செய்ய முடிவதில்லை.

இந்தப் படத்தின் வசனம் முழுசும் ஒலிச்சித்திரமாக இசைத்தட்டில் வந்தது. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அதைப் போட்டார்கள். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் புலவர் தருமி மனப்பாடம், பாகவதர் மனப்பாடம். காய் ஆய்கிற பெண்கள் கையும் கண்ணும் வேலையில் இருக்க, பாலையா பேச்சைக் கூடவே சொல்லிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மூன்று வருஷம் அப்பா வேஷம் வரிசையாக வந்தது. ‘பாமா விஜயம்’ (1967) படத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தகப்பன், ‘ஊட்டி வரை உறவு’ (1967) படத்தில் பழைய ரகசியம் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு தவிக்கும் தகப்பன். முன்னதில் பாலசந்தருக்கு அவர் நடுநிலைத் தூணாக நின்றார். பின்னதில் கொஞ்சம் பழைய சரக்குதான். பாலையா இல்லையென்றால் அந்தப் பகுதியைச் சகிப்பது கஷ்டம்.

1968 ஜூலையில் ‘தில்லானா மோகனாம்பாள்’. இதுவும் ஆனந்த விகடன் தொடர், எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் விகடன் தொடரில் தொடங்கிய ஆளுக்கு விகடன் தொடரிலேயே உச்சமும் வாய்த்தது. நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம் சிவாஜி. அவருக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு பாலையா. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மேளக்காரர் குடும்பங்கள் நிறைந்த மதுரை, தேனிப் பக்கத்தில் இந்தப் படத்துக்குக் கூடிய கூட்டத்தில் தவில் தெரிந்தவர்கள் ஏராளம். நையாண்டி மேளம் கேட்டே வளர்ந்த ஊர்கள். கை பொய் சொன்னால் கொட்டகையிலேயே சத்தம் போட்டுவிடுவார்கள். பாலையாவின் கை அவர்களிடம் பாஸ் ஆனது.

கையைவிடப் பெரியது பார்வை. தவில்காரர் கண் நாதஸ்வரக்காரரை விட்டு விலகக் கூடாது. அடுத்த வரியை அவர் எங்கே எடுத்துக்கொண்டு போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பாலையா மேளத்தில் மட்டும் அப்படி இல்லை, படம் முழுக்க அப்படியே இருக்கிறார். சண்முகசுந்தரத்தின் முன்கோபம் கிளம்பப்போவது அவருக்கு முதலில் தெரியும். நாட்டியக்காரி மோகனா பக்கம் மனசு சாய்வது அவருக்கு முதலில் தெரியும். ரயில் பெட்டிக் காட்சியில் சிவாஜியும் பத்மினியும் பார்வையாலேயே பேசிக்கொண்டிருக்க, நடுவில் இவர் ஏதும் தெரியாதவர் போல எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடிகர் திலகத்துக்கு எதிரே நின்று நடிப்பது சாதாரணம் இல்லை. பலர் அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனார்கள். பாலையா எதிர்நீச்சல் போடவே இல்லை. பக்கவாத்தியக்காரர் போல இடம் விட்டு, இடம் பிடித்து, தீர்மானம் வரும்போது சரியாகக் கூடச் சேர்ந்தார்.

1972 ஜூலை 22ஆம் தேதி இறந்தார். 58 முடிய ஒரு மாதம் இருந்தது.

பாலையாவின் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடிக்க வந்தார். 2023 நவம்பரில் காலமானார். சிலமலையிலிருந்து ராசிங்காபுரம், தேவாரம் தாண்டிப் போனால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் கங்கை அமரன் 1989இல் ‘கரகாட்டக்காரன்’ எடுத்தார், அண்ணன் இளையராஜா இசை. ‘தில்லானா மோகனாம்பா’ளை நம் ஊர்க் கரகத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் மாற்றிப் போட்ட கதை அது. நாதஸ்வரம் செந்தில் கைக்குப் போனது, தவில் கவுண்டமணி தோளுக்கு. அந்தக் குழுவோடு கூடவே திரிகிறவர்களில் ஜூனியர் பாலையாவும் ஒருவர்.

(அடுத்த இதழில்: உசிலம்பட்டிக்குப் பக்கத்துச் சேடபட்டியில் பிறந்து, புராணப் படங்களில் நடிக்க மாட்டேன் என்று நின்று, 1962இல் தேனித் தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றம் போன எஸ்.எஸ்.ராஜேந்திரன்.)